தோட்டமும் 'தேரட்ட'மும்

ஆறாம் வகுப்பில் சேர்ந்த ஒரு பையனுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரவில்லை. 2024 ஜூனிலிருந்து 2025 ஜூன் வரை அவனோடு உட்கார்ந்து பார்த்ததை இங்கே எழுதுகிறேன். வட மாவட்டம் ஒன்றில், அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். பையனின் பெயரும் ஊர்ப் பெயரும் வேண்டாம். வகுப்பில் அவனையும் சேர்த்து 41 பேர்.

முதல் இரண்டு வாரம் அவன் என் கண்ணில் படவே இல்லை. காரணம் அவன் நோட்டு. கரும்பலகையில் எழுதிப் போட்டதை அச்சு மாதிரி எடுத்து எழுதுவான். அடித்தல் திருத்தல் இருக்காது, ஓரக்கோடு நேராக இருக்கும். 'நன்று' என்று நானே இரண்டு இடங்களில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். செய்யுளை எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது அவன் குரல்தான் முன்னால் வரும்.

ஒரு நாள், முந்தின நாள் நான் வாசித்துக் காட்டிய பாடத்தை ஆளுக்கு ஒரு பத்தியாக வாசிக்கச் சொன்னேன். அவன் முறை வந்தது. எழுந்து நின்றான். புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு திக்காமல் நான்கு வரி சொன்னான். சொன்னதில் ஒரு பிழை இல்லை. ஆனால் அன்றைக்கு நான் அவன் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். விரல் வேறு பத்தியில் போய்க்கொண்டிருந்தது. வாய் ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம். முந்தின நாள் காதில் வாங்கியதை அப்படியே ஒப்பித்துக்கொண்டிருக்கிறான்.

சாயங்காலம் தனியாகக் கூப்பிட்டு, இன்னும் நடத்தாத ஒரு பக்கத்தைக் கொடுத்தேன். வாயே திறக்கவில்லை. கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது. "தண்ணி குடிச்சிட்டு வரேன் டீச்சர்" என்று போனவன் அன்று திரும்பி வரவில்லை.

அவன் பள்ளிக்கூடம் பார்த்த மாதங்கள்

தொடக்கப் பள்ளியிலிருந்து வந்த பதிவுகளையும் அவனுடைய ஆயா சொன்னதையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். அப்பா அம்மா இருவரும் தை பிறந்ததும் திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளைக்குப் போய்விடுவார்கள். மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள், அது கழியும் வரை அங்கேதான். மழைக்காலம் நெருங்கும்போது ஊர் திரும்புவார்கள். பையனும் கூடவே போவான்.

2019இல் ஒன்றாம் வகுப்பு. 2020 ஜனவரியில் சூளைக்குப் போனான். மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகளை மூடினார்கள். ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. அதற்குள் அவன் மூன்றாம் வகுப்பு. இரண்டு மாதம் வந்தான், தை வந்தது, மறுபடி சூளை. 2022 ஜூனில் அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லித்தரும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கியபோது அவன் நான்காம் வகுப்பு. அடுத்த ஆண்டு அதை நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் நீட்டித்தார்கள். அதில் பாதி ஆண்டுதான் அவனுக்குக் கிடைத்தது. கொரோனா இடைவெளியை ஈடுகட்டத் தன்னார்வலர்கள் பாடம் சொல்லிக்கொடுத்த 'இல்லம் தேடிக் கல்வி'யில் தெருவிலேயே ஒரு அக்கா கதை சொன்னது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது அவனுக்கு. அந்தக் கதையை எனக்கும் சொன்னான், நன்றாகவே சொன்னான்.

எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைக்காததால்தான் இப்படி ஆகிறது என்று ஆசிரியர் அறையில் பேச்சு வரும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இவனை இரண்டாம் வகுப்பில் நிறுத்தி வைத்திருந்தால் இந்நேரம் சூளையில் முழுநேரக் கல்லறுப்பவனாக ஆகியிருப்பான்.

நான் செய்த தவறு

ஜூலை முதல் வாரம் ஒரு பெரிய எழுத்து அட்டவணையைக் கொண்டுவந்தேன். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. முதலிலிருந்து ஆரம்பிப்போம் என்று நினைத்தேன். முதல் பாடவேளையில், வகுப்பின் பின் மூலையில் அவனை உட்கார வைத்து, 'அ, ஆ' எழுதச் சொன்னேன். பதினொரு வயதுப் பையன். அவன் தொடக்கப் பள்ளிக் கூட்டாளிகள் நான்கு பேர் அதே வகுப்பில் இருக்கிறார்கள். ஒருவன் "அம்மா, ஆடு, இலை" என்று ராகம் போட, இன்னொருவன் சிரித்தான். அடுத்த நாள் இவன் பள்ளிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனேன். ஆயா திண்ணையில் இருந்தார். "வயித்து வலின்றான் டீச்சரம்மா" என்றார். பேச்சு வாக்கில் இன்னொன்றும் சொன்னார். போன வருடம் பள்ளிக்கூடத்திலேயே காலைச் சாப்பாடு போட்டார்களாம், இப்போது ஏன் நிறுத்திவிட்டார்கள் என்று கேட்டார். யாரும் நிறுத்தவில்லை. காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது 2023 ஆகஸ்டில், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கும். அப்போது இவன் ஐந்தாம் வகுப்பு. தை பிறந்து சூளைக்குப் போகும் வரை சாப்பிட்டான். ஆறாம் வகுப்புக்கு வந்ததும் அது கிடையாது. ஆயா விடிவதற்கு முன்பே களையெடுக்கப் போய்விடுவார். ஆக, காலை ஒன்பதரை மணிக்கு வெறும் வயிற்றோடு இருந்த பையனைத்தான் எல்லோர் முன்னாலும் 'ஆ' எழுதச் சொல்லியிருக்கிறேன்.

அன்றோடு நேரத்தை மாற்றினேன். மதியம் சத்துணவு முடிந்து, 1.10க்கு, ஆய்வகத்துக்கு வெளியே இருக்கும் தாழ்வாரத்தில், 20 நிமிடம். அட்டவணையைச் சுருட்டிப் பீரோவில் வைத்துவிட்டேன்.

எங்கே இடறுகிறான்

பாடம் நடத்துவதை ஒரு வாரம் நிறுத்திவிட்டு, அவன் எப்படிப் படிக்கிறான் என்பதைக் கேட்க மட்டும் செய்தேன். ஒன்று, இரண்டாம் வகுப்புப் புத்தகங்களிலிருந்து 50 சொற்களைத் துண்டு அட்டைகளில் எழுதிக்கொண்டேன். 40 பக்க நோட்டு ஒன்று வாங்கி, இடது பக்கம் சொல், வலது பக்கம் அவன் வாயில் வந்தது, இரண்டையும் அப்படியே எழுதினேன். திருத்தவில்லை. "சரியா டீச்சர்?" என்று கேட்டால் "அடுத்தது பாப்போம்" என்பேன்.

முதல் நாள் 50க்கு 14 சரி. மரம், படம், பழம், வயல் எல்லாம் தடையில்லாமல் வந்தன. அதாவது அவனுக்கு எழுத்தே தெரியாது என்று நான் நினைத்தது தப்பு. அகர உயிர்மெய் அத்தனையும் தெரிந்திருக்கிறது. நான்காம் நாள் நோட்டைப் புரட்டியபோதுதான் வலது பக்கத்தைச் சேர்த்து வாசித்தேன்.

மாடு: மரடு.
பால்: பரல்.
கோழி: கேரழி.
தோட்டம்: தேரட்டம்.

'தேரட்டம்' என்பதை நான்கைந்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். அப்புறம்தான் பிடிபட்டது. துணைக்காலை அவன் ரகரமாகப் படிக்கிறான். 'தோ'வில் முதலில் கண்ணில் படுவது இரட்டைக்கொம்பு, பிறகு தகரம், பிறகு கால். கொம்பும் தகரமும் சேர்ந்து 'தே', மிச்சம் நிற்பது 'ர'. பார்த்ததை ஒன்றுவிடாமல் வரிசையாகப் படித்திருக்கிறான். இதில் குருட்டுத்தனம் எதுவும் கிடையாது, ஒரு ஒழுங்கு இருக்கிறது.

தமிழ் படித்த எனக்கு இது முன்பே உறைத்திருக்க வேண்டும். ஓலைச்சுவடிகளில் ரகரமும் துணைக்காலும் ஒரே உருவத்தில்தான் இருக்கும், மெய்க்குப் புள்ளி வைத்திருக்காது, எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. பெரிய பெரிய பதிப்பாசிரியர்களே இது காலா, ரகரமா என்று பொருளை வைத்து முடிவுகட்ட வேண்டியிருந்தது. அவர்கள் தடுமாறிய அதே இடத்தில்தான் இந்தப் பையனும் தடுமாறுகிறான். அவர்களுக்கு இலக்கியப் பயிற்சி கைகொடுத்தது. இவனுக்கு எது கைகொடுக்கும்?

இன்னொன்றும் அன்றைக்குக் கவனித்தேன். அச்சில் ரகரத்துக்குக் கீழே ஒரு சாய்கோடு உண்டு, அதை வைத்துத்தான் காலையும் ரகரத்தையும் பிரித்து அறிகிறோம். பன்னிரண்டு வருடமாகக் கரும்பலகையில் எழுதும் நான் வேகத்தில் அந்தக் கோட்டை இழுப்பதே இல்லை. பலகையில் நான் எழுதும் 'மாடு' உண்மையிலேயே 'மரடு' மாதிரிதான் இருக்கிறது. அன்றிலிருந்து எல்லா வகுப்பிலும் கோடு இழுக்கிறேன்.

உகர, ஊகார வரிசை அவனுக்கு இரண்டாவது சுவர். ஆ, இ, ஈ வரிசைக்கு ஒரு குறியைக் கற்றுக்கொண்டால் பதினெட்டு எழுத்துக்கும் ஓரளவு பொருந்தும். உகரம் அப்படி இல்லை. கு ஒரு மாதிரி, சு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி. 1978 எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, ணை, லை போன்ற 13 எழுத்துகளைச் சீராக்கியது, உகரத்தைத் தொடவில்லை. ஆனால் உற்றுப் பார்த்தால் உகரத்திலும் குடும்பங்கள் இருக்கின்றன. சு, பு, யு, வு, ஙு ஐந்துக்கும் கோடு நேரே கீழே இறங்கும். து, நு, ணு, னு, லு, று, ஞு ஏழுக்கும் கீழே சுழித்து மேலே காலெடுக்கும். கு, டு, மு, ரு, ழு, ளு ஆறுக்கும் வளைந்து சுற்றிக்கொள்ளும். இப்படி மூன்று குடும்பமாகப் பிரித்துக் கொடுத்ததும் அவனே நான்காவது நாள் "இது து வீட்டுப் புள்ள டீச்சர்" என்று 'லு'வைக் காட்டினான்.

தாழ்வாரத்தில் நடந்தது

'தோ'வை எப்படிப் புரியவைப்பது என்று இரண்டு நாள் திண்டாடினேன். வாயால் எத்தனை விளக்கினாலும் அவன் கண் இடமிருந்து வலமாகத்தான் போகும். கடைசியில் மூன்று அட்டைகள் எழுதி, தாழ்வாரத்தில் விளையாடிக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகளையும் கூப்பிட்டேன். ஒருத்தி கையில் கொம்பு, இவன் கையில் தகரம், மற்றவன் கையில் கால். "நடுவுல நிக்கிறவன் பேரைத்தான் மொதல்ல கூப்பிடணும். ரெண்டு பக்கம் நிக்கிறவங்களும் சேந்து ஒரே சத்தம்" என்றேன். நடுவில் நின்றது அவன். தலையை இடப்பக்கம் திருப்பினான், வலப்பக்கம் திருப்பினான். உதடு குவிந்தது. "த்... ஓ... தோ." பிறகு யாரும் கேட்காமலே "தோட்டம்" என்றான். உடனே, "அப்ப அது கோழி!" என்று கத்தினான். நான்கு நாளுக்கு முன்னால் 'கேரழி' என்று படித்த சொல்லை மனதில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

அந்த இரண்டு பிள்ளைகளும் அடுத்த நாளிலிருந்து தாங்களாகவே வர ஆரம்பித்தார்கள். அதனால் அவனுக்கு மட்டும் நடக்கும் வகுப்பு என்ற பெயர் போயிற்று.

ஆகஸ்டில் அடுத்த சிக்கல். ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் எடுக்கவே கூச்சப்பட்டான். சரி என்று புத்தகத்தை விட்டுவிட்டு, "சூளையைப் பத்திச் சொல்லு, நான் எழுதுறேன்" என்றேன். நிறுத்தாமல் சொன்னான். "எங்கப்பா மண்ணு மிதிப்பாரு. எங்கம்மா கல்லு அறுப்பாங்க. காஞ்ச கல்லை நான் திருப்பி வப்பேன். பாப்பா அழுதா நான்தான் தூக்குவேன்."

இதைப் பேசினபடியே எழுதுவதா, எழுத்துத் தமிழில் எழுதுவதா என்று ஒரு தமிழாசிரியையாக எனக்குத் தயக்கம் இருந்தது. பேசினபடியே எழுதினேன். ஏனென்றால், எழுத்துக்கூட்டத் திணறுகிற பிள்ளைக்கு 'மிதிப்பார்', 'அறுக்கின்றனர்' என்று அதன் மேல் இன்னொரு சுமையை ஏற்ற மனம் வரவில்லை. தன் வாயில் வந்த சொல் காகிதத்தில் இருக்கிறது என்று அவனுக்கு முதலில் தெரியட்டும். பள்ளியில் இதை ஏற்காதவர்கள் உண்டு, அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நான்கு வரியை அவன் அன்று ஆறு முறை படித்தான். ஆறாவது முறை விரல் சொல்லுக்குச் சொல் சரியாக நகர்ந்தது. அக்டோபரில் அதே வரிகளை எழுத்துத் தமிழில் பக்கத்திலேயே எழுதிக் கொடுத்தேன். "இது புக்கு பாஷை, இது எங்க பாஷை" என்று ஒப்பிட்டுப் படிக்க ஆரம்பித்தான்.

எல்லா நாளும் இப்படி அமையவில்லை. செப்டம்பரில், காலாண்டுத் தேர்வு நெருங்கிய நேரம், முந்தின நாள் சரியாகப் படித்த 'ணு'வை அவன் மறுபடி மறந்தபோது, "எத்தனை தடவைடா சொல்றது" என்று கத்திவிட்டேன். இரண்டு நாள் வந்து உட்கார்ந்தான், வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் மன்னிப்புக் கேட்டேன். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதில் எனக்குக் கூச்சமில்லை. ஆனால் அந்த இரண்டு நாள் வீண்தான்.

மற்ற நாற்பது பேர் என்ன ஆனார்கள் என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். அந்தப் பருவத்தில் இரண்டு செய்யுட் பாடங்களை நான் அவசரமாக ஓட்டினேன். மதிய இடைவேளையில் திருத்த வேண்டிய நோட்டுகள் வீட்டுக்கு வந்தன. கட்டுரை நோட்டு மூன்று வாரம் தாமதமானது. இந்த வேலைக்கென்று தனிப் பாடவேளை கிடையாது. ஆசிரியரின் சாப்பாட்டு நேரத்தை நம்பித்தான் இது நடக்கிறது. அது சரியான ஏற்பாடு என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்னொரு பிள்ளை

தாழ்வாரத்துக்கு வந்த இருவரில் கொம்பு அட்டை பிடித்த பெண் பிள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவள் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரு நாள் விடாமல் பள்ளிக்கு வந்தவள். பேச்சில் கெட்டிக்காரி. ஆனால் அவளுடைய பிழைகளில் ஒழுங்கே இல்லை. இன்று 'மாடு' சரி, நாளை 'டுமா', மறுநாள் வேறு. சொல்லிக் கொடுக்கக் கொடுக்கப் பையனின் பிழை குறைந்தது, அவளுடையது குறையவில்லை. கண் பரிசோதனையில் குறையில்லை. நவம்பரில் வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநரிடம் இரண்டு பேருடைய பிழை நோட்டையும் காட்டினேன். பையனுக்கு விட்டுப்போன படிப்புதான், அவளை முறையாகப் பரிசோதிக்க வேண்டும் என்று அவர் சொன்னார். பரிசோதனையில் கற்றல் குறைபாடு என்று வந்தது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சொல்லப்பட்ட 21 வகைகளில் இதுவும் ஒன்று. பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஓர் ஆளும் கேட்டுப் பெறலாம். அவளுடைய அம்மா முதலில் அழுதார். பிறகு, "அப்ப எம்பொண்ணு சோம்பேறி இல்லைதானே டீச்சர்?" என்று கேட்டார். ஆறு வருடமாக அந்தப் பிள்ளையை எல்லோரும் சோம்பேறி என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

தை மாதம்

டிசம்பர் கடைசியில் அதே 50 அட்டைகளைக் கலைத்து வைத்தேன். 41 சரி. 'ழ'வும் 'ள'வும் குழப்பம், ஐகாரத்தில் தடுமாற்றம். ஆனால் துணைக்கால் ஒரு இடத்தில்கூட ரகரமாகவில்லை.

பொங்கல் முடிந்து நான்காம் நாள் அவன் அம்மா பள்ளிக்கே வந்தார். கூட்டிப் போக வந்திருந்தார். ஏப்ரல் வரை ஆயாவோடு விட்டுவைக்க முடியாதா என்று கேட்டேன், கெஞ்சினேன் என்றே சொல்லலாம். "பாப்பாவ யாரு பாத்துக்குவா டீச்சர்? நாங்க ரெண்டு பேரும் அறுத்தாதான் கடன் அடையும்" என்றார். அவரிடம் கோபப்பட எனக்கு ஒன்றும் இல்லை. பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவன் பையில் பிழை நோட்டையும், சூளைக் கதை எழுதிய தாள்களையும், என் தொலைபேசி எண்ணையும் வைத்தேன். வாரம் ஒரு பக்கம் படித்து அப்பா போனில் குரல் பதிவாக அனுப்பச் சொன்னேன். வாழ்க்கையில் இவ்வளவு சோர்ந்து நான் வகுப்புக்குத் திரும்பியது இல்லை.

மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை. நான்காவது வாரம் இரவு ஒன்பதரைக்கு வாட்ஸப்பில் ஒரு பதிவு. பின்னால் யாரோ இருமுகிறார்கள், குழந்தை அழுகிறது, நடுவில் அவன் குரல், சூளைக் கதையின் முதல் பக்கம். பிறகு பத்து நாளைக்கு ஒன்று, பதினைந்து நாளைக்கு ஒன்று என்று வந்தது. மார்ச் மாதம் பதிவுக்குப் பதில் ஒரு போட்டோ வந்தது. கோடு போட்ட தாளில் பால்பாயிண்டு பேனாவில் கிறுக்கலான கையெழுத்து, ஓரத்தில் எண்கள். மேஸ்திரி கொடுத்த கணக்குச் சீட்டு. கூடவே அவன் குரல்:

"டீச்சர், மூணாவது வரில பி-டி-த்-த-ம்... பிடித்தம்னு இருக்கு. சரியா டீச்சர்? பிடித்தம்னா என்னா? அப்பா கேக்குறாரு."

கையெழுத்து எனக்கே சரியாகப் புரியவில்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். பிடித்தம்தான். கொடுத்த முன்பணத்தில் இந்த வாரம் கழித்துக்கொண்ட தொகை என்று பதில் அனுப்பினேன். சிறிது நேரத்தில் அப்பாவின் குரல் வந்தது. போன வாரச் சீட்டிலும் அது இருக்கிறதா என்று பையனைப் பார்க்கச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். ஏழு வருடமாக அந்தச் சீட்டை அவர் வாங்கி மடித்து வைத்திருக்கிறார்.

2025 ஜூனில் ஏழாம் வகுப்புக்குத் திரும்பி வந்தான். சூளையில் இருந்த ஐந்து மாதக் கணக்கும் அறிவியலும் போனதுதான். கணக்கு ஆசிரியை இப்போது அவனோடு உட்காருகிறார். ஒரு பத்தியைப் படிக்க மற்றவர்களைவிட மூன்று மடங்கு நேரம் எடுக்கிறான். நடத்தாத பத்தியைக் கொடுத்தாலும் படிக்கிறான். தண்ணீர் குடிக்கப் போவதில்லை.

நோட்டு மட்டும் கெட்டுவிட்டது. அச்சு மாதிரி இருந்த கையெழுத்து போய்விட்டது. எழுத்து சரிகிறது, பக்கத்துக்குப் பத்து அடித்தல், 'பள்ளி'க்கு ஒரு நாள் 'பல்லி', 'மழை'க்கு ஒரு நாள் 'மளை'. போன வாரம் 'எங்கள் ஊர்' கட்டுரையில் பலகையில் நான் எழுதிப் போடாத ஒன்பது வரிகளை எழுதிக் கொடுத்திருந்தான். ஒன்பதிலும் பதினேழு பிழை. எல்லாவற்றையும் பழைய பிழை நோட்டின் கடைசிப் பக்கங்களில் குறித்துக்கொண்டேன். இடம் போதவில்லை, புது நோட்டு வாங்க வேண்டும்.